இரண்டு இடம், நாலு வேட்பாளர், 3,753 வாக்கு: பழைய பிரிட்டன் தேர்தல் கணக்கை எப்படிப் படிப்பது?

#1 தாளடி

யார்க்‌ஷரில் உள்ள பெவர்லி தொகுதியின் 1868 பொதுத்தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்வர்ட்ஸ் 1,132, கென்னார்ட் 986, மாக்ஸ்வெல் 895, டிராலப் 740. முதல் இருவரும் கன்சர்வேட்டிவ், மற்ற இருவரும் லிபரல். கூட்டினால் 3,753 வருகிறது. இதை வாக்களித்தவர் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரே கட்சிக்காரர் இருவருக்குள் 146 வாக்கு வித்தியாசம் ஏன்? அதே காலத்து வேறு ஊர்களின் அச்சிட்ட வாக்குப் பதிவேடுகளில், யார் யாருக்குப் போட்டார் என்று பெயரோடு இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பேரேடு

எடுத்துக்கொள்ள முடியாது. பெவர்லி இரு உறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. ஆளுக்கு ஒன்றாக இருவருக்குப் போடலாம், அல்லது ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடலாம். அப்படி விடுவதற்குப் 'பிளம்பர்' என்று பெயர். இரு கட்சிக்கும் ஒவ்வொன்று போட்டால் அது 'ஸ்ப்ளிட்'.

ஆகவே 3,753-ஐ இரண்டால் வகுத்தால் வருவது கீழ் எல்லை மட்டும்: குறைந்தது 1,877 பேர் வந்து வாக்களித்திருக்க வேண்டும். உண்மை எண்ணிக்கை அதைவிட எவ்வளவு கூடுதல் என்பது, எத்தனை பேர் இரண்டாவது வாக்கை விட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

146 பற்றி ஒன்றுதான் உறுதியாகச் சொல்லலாம். எட்வர்ட்ஸுக்குப் போட்டவர்களில் குறைந்தது 146 பேர் கென்னார்டுக்குப் போடவில்லை. அதே போல மாக்ஸ்வெல்லுக்குப் போட்டவர்களில் குறைந்தது 155 பேர் டிராலப்பை விட்டுவிட்டார்கள். அந்த 146 பேரும் 155 பேரும் ஒரே ஆட்களா, அதாவது 'எட்வர்ட்ஸ் + மாக்ஸ்வெல்' என்று போட்டவர்களா, இல்லை தனித்தனி பிளம்பர்களா என்பது கூட்டுத்தொகையில் தெரியாது. அதற்குப் பெயர்வாரிப் பதிவேடு வேண்டும்.

#3 மிளகு

பிளம்பர்னா குழாய் ரிப்பேர் இல்லீங்க, முதல்லயே சொல்லிடறேன் :)

100 பேர் ஓட்டுப் போட்டதா ஒரு கற்பனைக் கணக்கு. அ, ஆ ஒரு கட்சி. இ, ஈ இன்னொரு கட்சி.

அ+ஆ போட்டவங்க 30
அ மட்டும் 10
அ+இ 15
இ+ஈ 25
இ மட்டும் 20

மொத்தம்: அ 55, ஆ 30, இ 60, ஈ 25. கூட்டினா 170. ஆள் 100 தான். வாக்காளர் எண்ணிக்கையை ரெண்டால பெருக்கி மொத்த வாக்கைக் கழிச்சா (200 − 170) 30 வருது பாருங்க, அதுதான் பிளம்பர் எண்ணிக்கை. பதிவேட்டை எண்ணும்போது இந்தக் கணக்கு இடிச்சா எங்கேயோ தப்பு எண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. பிளம்பர் போடறது சோம்பேறித்தனம் கிடையாது. என் ஆளு அ, அவருக்கு எமன் இ-ன்னா, என் ரெண்டாவது வாக்கை யாருக்குக் கொடுத்தாலும் அது என் ஆளுக்கு எதிரா ஏறலாம். அதனாலதான் வீடு வீடாப் போற ஏஜென்ட், "ஒண்ணாவது எங்களுக்குப் போடுங்க"ன்னு ஆரம்பிச்சு, நெருங்கின ஆளா இருந்தா "எங்களுக்கு மட்டும் போடுங்க"ன்னு கேப்பாரு. கேட்டு எழுதி வெச்ச புத்தகத்துல 'வாக்குறுதி', 'சந்தேகம்', 'எதிரி'ன்னு பிரிச்சிருப்பாங்க.

#4 தாளடி

நன்றி, இப்போது புரிகிறது. அந்த வாக்காளர்கள் யார்? 1832 சீர்திருத்தச் சட்டத்தில் 'பத்துப் பவுண்டு வீட்டுக்காரர்' என்று வருகிறதே, அது ஆண்டு வருமானமா, சொத்து மதிப்பா?

#5 நெடுங்கணக்கு

இரண்டும் இல்லை. அந்த வீட்டின் அல்லது கடையின் ஆண்டு மதிப்பு, அதாவது ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்பது. சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை, வாடகைக்கு இருந்தாலே போதும். இது நகரத் தொகுதிகளுக்கு. கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) தொகுதிகளில், ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் (2 பவுண்டு) பெறும் சொந்த நிலம் இருந்தால் வாக்கு என்ற பழைய உரிமை 1430-லிருந்து இருந்தது. அதோடு 10 பவுண்டு காப்பிஹோல்டு (பண்ணைப் பதிவேட்டு நகலின் பேரில் அனுபவிக்கும் நிலம்) நிலத்தாரும், 50 பவுண்டு குத்தகை கட்டும் விவசாயிகளும் 1832-இல் சேர்ந்தார்கள்.

பத்துப் பவுண்டு எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. லண்டனில் சாதாரணக் கைவினைஞர் குடியிருக்கும் வீடே பத்துப் பவுண்டு பெறும். வாடகை மலிவான சிற்றூரில் கடைத்தெரு முதலாளிக்கு மட்டும்தான் அது எட்டும். ஒரே சட்டம் ஓர் ஊரில் அகலம், ஓர் ஊரில் குறுகல். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்து வாக்காளர் சுமார் ஆறரை லட்சம் ஆனார்கள்.

தகுதி இருப்பது வேறு, பட்டியலில் பெயர் இருப்பது வேறு. 1832-க்கு முன் பட்டியலே கிடையாது. வாக்குச்சாவடியிலேயே தகுதியை வாதாடி நிரூபிக்க வேண்டும். அதனால்தான் வாக்குப்பதிவு பதினைந்து நாள் வரை இழுத்தது. 1832 ஆண்டுப் பட்டியலைக் கொண்டுவந்தது. நகரத்தில் நடைமுறை இப்படி:

ஜூலை 31-க்கு முந்தைய 12 மாதம் அந்த வீட்டிலோ, அதே தொகுதிக்குள் அடுத்தடுத்த தகுதியுள்ள வீடுகளிலோ இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் 6 வரை சேர்ந்த ஏழைநிதி வரி, வீட்டு வரி எல்லாவற்றையும் ஜூலை 20-க்குள் கட்டியிருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் ஏழைநிதி உதவி வாங்கியிருக்கக் கூடாது. தொகுதியிலோ அதிலிருந்து 7 மைலுக்குள்ளோ குடியிருக்க வேண்டும். ஏழைநிதி மேற்பார்வையாளர் வரிப் பேரேட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதி, ஆகஸ்டில் முதல் இரண்டு ஞாயிறும் தேவாலயக் கதவில் ஒட்டுவார். ஆகஸ்ட் 25-க்குள் ஆட்சேபணை. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 25-க்குள், பட்டியல் திருத்துவதற்கென நியமிக்கப்பட்ட பாரிஸ்டர் ஊர் ஊராக வந்து நீதிமன்றம் போல உட்கார்ந்து தீர்ப்பார்.

கவுண்டியில் மேற்பார்வையாளர் தானாக எழுத மாட்டார். வாக்காளரே உரிமை கோரி மனு கொடுத்து, ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும்.

எங்கே கோளாறு வரும்? வரி ஒரு தவணை தவறினால் அந்த ஆண்டு போச்சு. வீட்டுக்காரரே வாடகையோடு வரியைச் சேர்த்து வாங்கிக் கட்டும் ஏற்பாட்டில் குடியிருப்பவர் பெயர் பேரேட்டில் வராது; அவர் தனியே மனுப் போட்டு, தன் பெயரை ஏற்றச் சொல்ல வேண்டும். ஏழைகள் குடியிருக்கும் தெருக்களில் இதுதான் பெரிய அடைப்பு. 1867 சீர்திருத்தச் சட்டத்தில் ஹாட்ஜ்கின்ஸன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் இந்த ஏற்பாட்டையே நகரங்களில் நீக்கியது. இரண்டே வருடத்தில், 1869-இல், வாக்குரிமை போகாதபடி மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

#6 பேரேடு

நெடுங்கணக்கு சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தேர்தல் என்பது வாக்குப்பதிவு நாளில் நடந்ததாக நினைத்தால் பாதிதான் பிடிபடும். ஆட்சேபணை தெரிவிக்கக் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆட்சேபிப்பவர் நேரில் வந்துவிட்டால், வாக்காளர்தான் தன் தகுதியை நிரூபிக்க வேண்டும். கடை பூட்டிவிட்டு வர முடியாத ஆள் பெயர் அடிபடும். அதனால் கட்சி வழக்கறிஞர்கள் எதிர்க்கட்சி ஆட்கள் மேல் கட்டுக்கட்டாக ஆட்சேபணை போட்டார்கள். வீண் ஆட்சேபணைக்குச் செலவுத்தொகை கட்ட வைக்கும் அதிகாரம் 1843 சட்டத்தில்தான் வந்தது.

தானிய வரி எதிர்ப்புக் கழகம் 1840-களில் இதை ஒரு தொழிலாகவே செய்தது. தென் லங்காஷர், மேற்கு ரைடிங் (யார்க்‌ஷரின் மேற்குப் பகுதி) மாதிரி கவுண்டிகளில் எதிரிகள் மேல் மொத்தமாக ஆட்சேபணை. தம் ஆட்களுக்கு நாற்பது ஷில்லிங் பெறும் சிறு நிலத்துண்டை வாங்க வைத்துப் புது வாக்கு. பிரசாரக் கூட்டம் எல்லோர் கண்ணிலும் படும், பட்டியல் வேலை படாது. ஆனால் 1846-இல் மேற்கு ரைடிங்கில் கழகத்தின் பக்கம் நின்ற மார்பெத் பிரபு போட்டியே இல்லாமல் வந்ததற்குப் பின்னால் இருந்தது அந்தப் பட்டியல் வேலைதான். எதிர்த்தரப்பு பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டது.

#7 மிளகு

பேரேடு அண்ணே, பட்டியல் முக்கியம்தான், இல்லேங்கல. ஆனா கவுண்டிக் கணக்கை நகரத்துக்கு வைக்காதீங்க. தாளடி கேட்ட பெவர்லியையே எடுங்க. அங்க ஜெயிச்சது பட்டியலா? நவம்பர் தொடக்கத்துல நகராட்சித் தேர்தல், அதே மாசம் பார்லிமென்ட் தேர்தல். காசை நகராட்சித் தேர்தல்லயே இறக்கிட்டாங்க. பார்லிமென்ட் தேர்தலுக்குத் தனியா லஞ்சம் கொடுத்தாத்தானே தேர்தல் செல்லாதுன்னு மனுப் போடுவீங்க, நாங்க கொடுத்தது நகராட்சிக்கு ஆச்சேன்னு கணக்கு.

நீதிபதி மார்ட்டின் அதை ஒத்துக்கல. ரெண்டும் ஒரே வாக்காளர்கள், ஒரே கையால கொடுத்த காசுன்னு தேர்தலையே ரத்து பண்ணிட்டார். அப்புறம் அரச ஆணைக்குழு வந்து தோண்ட, 1870-ல ஊருக்கே தொகுதி போச்சு. கூடவே பிரிட்ஜ்வாட்டரும் போச்சு. அதுக்கு முன்னாடி 1844-ல சட்பரி, 1852-ல செயின்ட் ஆல்பன்ஸ், 1867-ல லங்காஸ்டர், டாட்னஸ், ரைகேட், கிரேட் யார்மத்.

#8 பேரேடு

ஒப்புக்கொள்கிறேன், சிறு நகரங்களில் காசுதான். ஆனால் காசு வேலை செய்ததும் பட்டியல் சிறியதாக, தெரிந்ததாக இருந்ததால்தான். ஆயிரம் பேர், ஒவ்வொருவர் பெயரும் தெருவும் அச்சில் இருக்கிறது, வாயால் சொல்லித்தான் வாக்குப் போட வேண்டும். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்று அன்றைக்கே சரிபார்க்கலாம். பட்டியலில் இல்லாதவனுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

#9 மிளகு

சரி அண்ணே, அங்க நான் கொஞ்சம் இறங்கி வர்றேன் :)

சட்பரிக்கு ஒரு இந்தியத் தொடர்பு இருக்கு. 1841-ல அங்க ஜெயிச்ச டைஸ் சோம்பர், மீரட் பக்கம் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவோட வாரிசு. அடுத்த வருஷமே லஞ்சத்துக்காகத் தேர்தல் ரத்து. நம்ம பக்கத்துக் காசும் இந்தச் சந்தைக்குப் போயிருக்கு, ஆனா அது முந்தைய நூற்றாண்டு. ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சாவூர் வருமானத்து மேல உரிமை கொண்டாடின பால் பென்ஃபீல்டு, 1780-ல கிரிக்லேடுக்கு எம்.பி. அந்த ஆள் எட்டு உறுப்பினரை உருவாக்கினார்னு எட்மண்ட் பர்க் 1785-ல சபையிலயே குற்றம் சாட்டினார். ஆள் இல்லாத ஓல்டு சேரம், கேட்டன் மாதிரி தொகுதிகளை 1832-ல துடைச்சாங்க. 56 நகரங்களுக்குத் தொகுதியே போச்சு, இன்னும் 30-க்கு ரெண்டுல ஒரு இடம் போச்சு.

#10 தாளடி

வாயால் சொல்லி வாக்குப் போடுவது என்றால், நடைமுறை என்ன? ஒரு ஆள் உள்ளே போனது முதல் சொல்ல முடியுமா?

#11 நெடுங்கணக்கு

முதலில் வேட்புமனு நாள். திறந்த வெளியில் பலகை மேடை, அதற்குப் பெயர் ஹஸ்டிங்ஸ். முன்மொழிவார், வழிமொழிவார், வேட்பாளர் பேசுவார். தேர்தல் அதிகாரி கைதூக்கச் சொல்வார். கூட்டத்தில் வாக்குரிமை இல்லாதவர்கள்தான் அதிகம், அவர்களும் தூக்குவார்கள். அதில் தோற்றவர் வாக்குப்பதிவு கேட்கலாம். கேட்டால் கைக்கணக்குக்கு மதிப்பில்லை. முழுதாகத் தோற்ற ஆள் வாக்குப்பதிவில் ஜெயிப்பது சாதாரணம்.

வாக்குப்பதிவு நாள்: நகரத்தில் 1832 சட்டப்படி இரண்டு நாள், 1835-க்குப் பின் ஒரே நாள், காலை 8 முதல் மாலை 4. கவுண்டிக்கு ஒரு நாள் என்று ஆனது 1853-இல். 1832 சட்டம் ஒரு சாவடிக்கு 600 வாக்காளருக்கு மேல் கூடாது என்றது. சாவடி கட்டும் செலவு, துணை அதிகாரிக்கு நாளைக்கு 2 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்), எழுத்தருக்கு 1 கினி, எல்லாம் வேட்பாளர்கள் தலையில். உறுப்பினருக்குச் சம்பளமும் கிடையாது, அது 1911-இல்தான்.

வாக்காளர் எழுத்தர் முன் நின்று பெயர் சொல்வார். பட்டியலில் பார்ப்பார்கள். எதிர் ஏஜென்ட் கேட்கச் சொன்னால் மூன்றே கேள்வி: பட்டியலில் உள்ள இன்னார் நீர்தானா? இந்தத் தேர்தலில் ஏற்கெனவே வாக்களித்தீரா? எந்தத் தகுதியின் பேரில் உம் பெயர் ஏறியதோ அது இன்னும் உண்டா? இதற்கு மேல் தகுதியைக் கிளற அதிகாரியால் முடியாது. லஞ்சம் வாங்கவில்லை என்று சத்தியம் கேட்கலாம். பிறகு அவர் பெயர் சொல்ல, எழுத்தர் அந்த வேட்பாளர் கட்டத்தில் கோடு போடுவார்.

மூன்றாவது கேள்விதான் பொறி. பட்டியல் முடிந்த பிறகு அடுத்த தெருவுக்குக் குடிமாறியவர் 'உண்டு' என்றால் பொய், குற்றம். 'இல்லை' என்றால் வாக்குப் போச்சு. 1843 சட்டம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது.

#12 மிளகு

நாள் பூரா மணிக்கொரு தடவை யாருக்கு எவ்வளவுன்னு ரெண்டு கட்சி ஆபீஸ்லயும் எழுதித் தொங்க விடுவாங்க. இது பெரிய விஷயம். காலைலயே போட்டுட்டுப் போறவனுக்கு விலை இல்லை. மூணு மணிக்கு ரெண்டு பேருக்கும் பத்து வாக்கு வித்தியாசம்னா, இன்னும் போடாம மதுக்கடைல உட்கார்ந்திருக்கறவன் தான் ராஜா. அவனைக் காலைல இருந்தே எதிர்க்கட்சி கண்ல படாம பூட்டி வெச்சுக் குடிக்கக் கொடுக்கறதுக்கு, கோழிக் கூண்டுல அடைக்கிற மாதிரி, 'கூப்பிங்'னே பேரு.

1854 சட்டம் லஞ்சம் கொடுத்தவனுக்கு 100 பவுண்டு, வாங்கினவனுக்கு 10 பவுண்டுன்னு அபராதம் வெச்சது. ஆனா வழக்குப் போடணுமே, யார் போடுவா? ரெண்டு பக்கமும் அழுக்கு.

#13 கல்வெட்டு

ரகசிய வாக்கு 1872-இல் வந்ததும் இந்த ஊழல் எல்லாம் ஒழிந்தது என்றுதான் படித்திருக்கிறேன். பேரேடு பெரிதுபடுத்துகிறார் என்று தோன்றுகிறது.

#14 நெடுங்கணக்கு

கல்வெட்டு, இல்லை. 1872 சட்டம் மிரட்டலைத்தான் முதலில் தொட்டது. நிலக்கிழார் குத்தகைதாரரை, மில் முதலாளி தொழிலாளியை, வாடிக்கையாளர் கடைக்காரரை மிரட்டுவது. வாக்கு இல்லாத மக்கள்கூடப் பதிவேட்டைப் பார்த்து, எதிராகப் போட்ட கசாப்புக் கடையில் வாங்க மாட்டோம் என்று ஒதுக்கியதுண்டு. அது தளர்ந்தது. லஞ்சத்துக்கு ஆபத்து கூடியதே தவிர நிற்கவில்லை; 1880 தேர்தலுக்குப் பிறகும் பல ஊர்களில் மனுக்கள் வந்தன. கையைக் கட்டியது 1883 சட்டம். செலவுக்கே உச்சவரம்பு: நகரத் தொகுதியில் 2,000 வாக்காளர் வரை 350 பவுண்டு, அதற்கு மேல் 380, பிறகு கூடுதலான ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 30. ஒரே தேர்தல் ஏஜென்ட், எல்லாக் காசும் அவர் கை வழியாக.

ரகசியமும் முழு ரகசியம் அல்ல. வாக்குச்சீட்டில் எண், அதன் அடிக்கட்டையிலும் அதே எண், அடிக்கட்டையில் வாக்காளரின் பட்டியல் எண். வழக்கு வந்தால் நீதிமன்றம் தேடிப் பார்க்கலாம். இந்த முறையில் முதல் இடைத்தேர்தல் பான்டிஃபிராக்ட், 1872 ஆகஸ்ட் 15: சில்டர்ஸ் 658, பாலிங்டன் 578. பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்கு அடிக்கும் அச்சையே எடுத்தார்கள்.

#15 கல்வெட்டு

சரி, திருத்திக்கொள்கிறேன். 1867 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு சில நகரங்களுக்கு மூன்று உறுப்பினர், வாக்காளருக்கு இரண்டு வாக்குதான் என்றார்களே, அங்கே இந்தப் பிளம்பர் கணக்கு என்ன ஆகும்?

#16 பேரேடு

பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லீட்ஸ், லிவர்பூல். சிறுபான்மைக்கு ஒரு இடமாவது கிடைக்கட்டும் என்று செய்தது. பர்மிங்ஹாம் லிபரல்கள் 1868-இல் மூன்றையும் அள்ளினார்கள்.

கற்பனை எண் வைத்துப் பாருங்கள். நம் ஆட்கள் 60, எதிரி 35. எதிரிக்கு இரண்டு வேட்பாளர், ஆளுக்கு 35. நமக்கு மூன்று வேட்பாளர். மொத்தம் 120 வாக்கு, சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 40. மூன்றும் நமக்கே. பங்கிடாமல் எல்லோரும் பிரபலமான முதல் ஆளுக்கு ஒன்றைப் போட்டு, மற்றதை இஷ்டப்படி போட்டால் 60, 30, 30. எதிரி இரண்டு இடத்தைத் தட்டிக்கொண்டு போவான். எதிரி மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே இந்த ஆட்டம் ஆடலாம். தாண்டினால் மூன்றாவது ஆளை நிறுத்துவதே தற்கொலை.

அதற்காக வார்டு வாரியாக உத்தரவு: இந்த வார்டு முதல் ஆளும் இரண்டாம் ஆளும், அடுத்தது முதலும் மூன்றும், அதற்கடுத்தது இரண்டும் மூன்றும். சொன்னபடி போடு, கேள்வி கேட்காதே. ஆதரவாளர் பெயர் வார்டு வாரியாக முன்கூட்டியே கையில் இருந்தால்தான் இது நடக்கும். மிளகு கவனிக்கவும், மறுபடியும் பட்டியல் :)

#17 மிளகு

விட மாட்டீங்களே அண்ணே. பட்டியல்ல ஏறிட்டா அதிகாரி கையும் கட்டுப்படும்ங்கறதுக்கு நானே ஒரு சாட்சி தர்றேன். 1867 நவம்பர்ல மான்செஸ்டர் இடைத்தேர்தல். லில்லி மாக்ஸ்வெல்னு ஒரு கடைக்காரம்மா பேரு தவறுதலாப் பட்டியல்ல ஏறிடுச்சு. பெண்ணுக்கு வாக்கு கிடையாது, ஆனா பேரு இருக்கே! வந்து வாயால சொல்லிப் போட்டுட்டுப் போயிட்டாங்க, எழுத்தர் எழுதியும் வெச்சார். அடுத்த வருஷம் சார்ல்டன் எதிர் லிங்ஸ் வழக்குல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க.

#18 தாளடி

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பெயர்வாரிப் பதிவேட்டை நான் எண்ணினால் அதிகாரி அறிவித்த எண்ணோடு நாலைந்து வித்தியாசம் வருகிறது. என் தவறா?

#19 பேரேடு

எண்ணியதை மிளகு சொன்ன கணக்கில் முதலில் சரிபாருங்கள்: வாக்காளர் × 2 − பிளம்பர் = மொத்தம். அது ஒத்துப்போயும் அறிவிப்போடு இடித்தால் பதிவேட்டைச் சந்தேகப்படலாம். அச்சிட்டது அரசு அல்ல, உள்ளூர் அச்சகக்காரர், விற்பனைக்கு. சில ஊரில் இரு கட்சிச் சார்பிலும் இரண்டு பதிப்பு வரும், இரண்டும் ஒத்துப்போகாது. கோடு ஒரு கட்டம் தள்ளி விழுவது சாதாரணம்.

முன்னுரையும் கடைசிப் பக்கமும் பாருங்கள். அதிகாரி ஏற்க மறுத்துத் தனியே குறித்த வாக்குகள் அங்கே இருக்கலாம்; அவை பெயர்ப்பட்டியலில் கலந்துவிட்டிருந்தால் நாலைந்து கூடும். ஒரே பெயரில் அப்பன், மகன் இருவர் இருந்தால் தெருவையும் தகுதியையும் வைத்துப் பிரியுங்கள். பெயருக்கு நேரே எல்லாக் கட்டமும் காலி என்றால் அவர் வரவில்லை என்று மட்டும் பொருள். பட்டியலுக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் இறந்தவரும், ஊர் மாறியவரும், வேண்டுமென்றே ஒதுங்கிய கடைக்காரரும் ஒரே மாதிரி காலியாகத்தான் இருப்பார்கள். வந்தவர்களை மட்டும் அச்சிட்ட பதிவேட்டில் அந்தக் காலிப் பெயர்களே இருக்காது, அதை வைத்து வாக்கு சதவீதம் போட்டுவிடாதீர்கள்.